கோழிக்கொண்டைக்குக் கொண்டை வந்தது எப்படி?

பூக்கடையில் தொங்கும் மாலைகளை உற்றுப் பார்த்தால், சம்பங்கிக்கும் அரளிக்கும் நடுவே கருஞ்சிவப்பு வெல்வெட்டுத் துண்டு போன்ற ஒரு பூ செருகப்பட்டிருப்பதைக் காணலாம். அதுவே கோழிக்கொண்டை. அதற்கு மணம் இல்லை. ஆயினும் மற்றப் பூக்கள் பொழுது சாய்வதற்குள் வாடித் தலை தொங்கிய பின்னும், இது காலையில் இருந்த நிறத்துடனேயே இருக்கும். திண்டுக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். ஆயுதபூஜை நெருங்கும்போது சந்தையில் இதற்குத் தேவை மிகுதி.

வீட்டுத் தோட்டத்திலும் இதனை எளிதில் வளர்க்கலாம். ஆனால் வளர்த்துப் பார்த்த பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரே பொட்டலத்து விதைதான். ஆனால் ஒரு தொட்டியில் உள்ளங்கை அகலத்திற்குக் கொண்டை விரிகிறது. மற்றொன்றில் கட்டைவிரல் அளவிலேயே நின்றுவிடுகிறது. விதை மட்டம் என்பார் ஒருவர். உரம் போதாது என்பார் மற்றொருவர். பெரும்பாலும் இவை காரணங்களாக இருப்பதில்லை. கொண்டை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், அது எங்கே சிறுத்துப் போனது என்பதும் தானே விளங்கும். வளர்ப்பு முறைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் இராது.

கீரையின் உறவு

கோழிக்கொண்டை கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டுக்கீரை, முளைக்கீரை, வாடாமல்லி ஆகியவை இதன் உறவினர்கள். இன்னும் நெருங்கிய உறவு, கம்பு, கேழ்வரகுக் கொல்லைகளில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரை. கிராமங்களில் அதன் இளந்தழையைப் பறித்துச் சமைப்பார்கள். நைஜீரிய நாட்டிலும் இக்கீரை விரும்பி உண்ணப்படுகிறது. பண்ணைக்கீரையின் பூ, வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், ஊசி முனை போன்ற கதிராக நிற்கும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர நூலில் பண்ணைக்கீரைக்குச் செலோசியா அர்ஜென்டியா என்றும், கோழிக்கொண்டைக்குச் செலோசியா கிரிஸ்டேட்டா என்றும் பெயரிட்டார். கிரிஸ்டேட்டா என்றால் கொண்டை உடையது என்று பொருள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இலையில் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு உச்சியில்தான் இருக்கிறது. ஒன்றில் கூர்மையான கதிர். மற்றொன்றில் நெளிந்த பட்டை.

இன்னொரு செய்தியையும் இங்கே கூற வேண்டும். நாம் ஒரு பூ என்று கூறும் கொண்டை, உண்மையில் பல நூறு சிறு பூக்களின் தொகுதி. கொண்டையின் பக்கவாட்டில், காம்பை ஒட்டிய கீழ்ப்பகுதியைக் கைக்கண்ணாடி கொண்டு பாருங்கள். ஐந்து இதழ்களும், அடியில் கிண்ணம்போல் ஒன்றிணைந்த ஐந்து மகரந்தத் தாள்களும் கொண்ட சிறு பூக்கள் அங்கே நெருங்கியிருக்கும். விதை உண்டாவதும் அங்கேதான். மேலே பளபளக்கும் நெளிவான விளிம்பு பெரும்பாலும் மலட்டுப் பகுதி.

புள்ளி கோடாகிறது

செடியின் தண்டு நுனியில், ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த அளவில், சிறு மேடு ஒன்று உண்டு. இதனை வளர்நுனி ஆக்குத்திசு என்பர். இலைகள், கிளைகள், பூக்கள் எல்லாம் இங்கிருந்தே தோன்றுகின்றன. இம்மேட்டின் நடுவிலுள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய அணுக்களைத் தருகின்றன. ஓரத்து அணுக்கள் இலையாகவும் பூவாகவும் மாறி விலகிச் செல்கின்றன. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் சிக்கனமான குடும்பத்தைப்போல், நடுவிலுள்ள அணுக்களின் தொகை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். அதனால்தான் வளர்நுனி பல வாரங்கள் வளர்ந்த பின்னும் சிறு புள்ளியாகவே நீடிக்கிறது.

இந்தக் கணக்கைச் சரிபார்ப்பது யார்? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் நடந்த ஆராய்ச்சிகள் இதற்கு விடை தந்தன. உஷல் என்னும் மரபணு வளர்நுனி அணுக்களைப் பெருகச் செய்கிறது. அவ்வாறு பெருகிய அணுக்கள் கிளவாட்டா என்னும் சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அப்புரதம் உஷலின் செயலை அடக்குகிறது. அணுக்கள் மிகுந்தால் அடக்குதலும் மிகும். குறைந்தால் அதுவும் குறையும். இந்தச் சுழற்சி 2000-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாக விளக்கப்பட்டது. இயற்பியலில் இதனை எதிர்ப் பின்னூட்டம் என்போம். மின் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மேல் சூடானதும் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்வதும், ஆறியதும் மீண்டும் இணைத்துக்கொள்வதும் இதே தத்துவம்தான்.

இந்த அடக்குதல் தளர்ந்தால் வளர்நுனி அகலத் தொடங்கும். வட்டமான புள்ளி நீண்டு ஒரு கோடாகும். புள்ளியாக இருந்தபோது உருண்டைத் தண்டு உண்டாயிற்று. கோடான பின் பட்டையான தண்டு உண்டாகிறது. தாவரவியலார் இந்நிலையை ஃபேசியேஷன் என்பர். பட்டையாதல் என நாம் கூறலாம். பல செடிகளில் காயத்தாலோ, நுண்ணுயிர்களாலோ தற்செயலாக இது நேர்வதுண்டு. அவ்வாறு நேர்ந்தது விதை வழியாகத் தொடர்வதில்லை. கோழிக்கொண்டையில் இது பிறவிக் குணம். விதை வழியே தலைமுறை தலைமுறையாக வருகிறது. செடி இளமையில் சாதாரணக் கீரைச் செடி போலவே வளர்ந்து, பூக்கும் பருவம் வந்ததும் தன் உச்சியைப் பட்டையாக விரிக்கிறது.

மெண்டல் கண்ட பட்டாணி

பட்டையாதல் மரபுவழி வரக்கூடியது என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் பட்டாணியின் ஏழு பண்புகளை ஆராய்ந்தார் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று பூக்களின் இருப்பிடம். சில செடிகளில் பூக்கள் இலைக்கோணங்களில் இருந்தன. சிலவற்றில் உச்சியில் கொத்தாகக் குவிந்திருந்தன. இந்த உச்சிக் கொத்து, பட்டையாகிப்போன தண்டின் விளைவே. இரண்டாம் தலைமுறையில் மெண்டல் எண்ணிய 858 செடிகளில் 651 முதல் வகை, 207 இரண்டாம் வகை. ஏறத்தாழ 3-க்கு 1 என்னும் விகிதம். இதற்குக் காரணமான மரபணு 2025-இல் வெளியான ஆய்வில் அடையாளம் காட்டப்பட்டது. மேலே நாம் கண்ட கட்டுப்பாட்டுச் சங்கிலியைச் சேர்ந்ததே அதுவும்.

சமையலறையிலும் இதன் கைவரிசையைக் காணலாம். காட்டுத் தக்காளிக் கனியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு அறைகளே இருக்கும். நாம் வாங்கும் பெரிய, வரி வரியான தக்காளியிலோ பல அறைகள். அங்கும் இக்கட்டுப்பாடு தளர்ந்ததால்தான் கனி பருத்தது.

நெளிவு எங்கிருந்து வந்தது?

வளர்நுனி கோடானால் தட்டையான விசிறி போன்ற பூதானே உண்டாக வேண்டும்? கொண்டை ஏன் மூளையின் மடிப்புகள்போல் நெளிகிறது? இதற்கு விடை வடிவக் கணிதத்தில் உள்ளது.

5 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத் தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். ஆரம் மாறாமல், விளிம்பு மட்டும் வளர்ந்து 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரே தளத்தில் அவ்வளவு நீளமான விளிம்புக்கு இடமே இல்லை. ஆகவே அது மேலும் கீழும் மடிந்தே தீர வேண்டும். பாவாடை ஓரத்தில் ஃபிரில் தைப்பவர்கள் செய்வதும் இதுவே: நீளமான துணியின் ஒரு விளிம்பைச் சுருக்கித் தைக்கிறார்கள், மறு விளிம்பு தானே அலை அலையாக நிற்கிறது.

கோழிக்கொண்டையில் அடிப்பகுதி முற்றி நின்றுவிடுகிறது. விளிம்போ வளர்ந்துகொண்டே இருக்கிறது. மிஞ்சிய நீளம் நெளிவாகிறது. நெளிவு ஒவ்வொன்றையும் வரைந்துகாட்டத் தனித்தனி மரபணு தேவையில்லை. விளிம்பு விரைந்து வளர்ந்தால் போதும். மெல்லிய பிளாஸ்டிக் உறையொன்றை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த விளிம்பு இழுபட்டு நீண்டுவிடுவதால், அலைக்குள் அலையாக நெளிந்திருக்கும். 2002-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, கிழிந்த பிளாஸ்டிக் தாளின் நெளிவையும் இலை விளிம்பின் நெளிவையும் இவ்வாறு ஒப்பிட்டு விளக்கியது.

இதனை அளக்க ஒரு நூல் போதும். கொண்டையின் விளிம்பு நெடுகிலும், மடிப்புகளுக்குள் புகுந்து வெளிவருமாறு நூலை வைத்து அளவெடுங்கள். பின்னர் கொண்டையின் அடிப்பகுதி அகலத்தையும் அளவெடுங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அக்கொண்டையின் நெளிவு எண். நல்ல கொண்டையில் இந்த எண் பெரிதாக இருக்கும்.

வளர்க்கும் முறையும் காரணமும்

இனித் தோட்டத்திற்கு வருவோம். கொண்டையின் அளவு இரண்டைப் பொறுத்தது: பூக்கும் பருவம் வருமுன் செடி எவ்வளவு வலுவுடன் வளர்ந்துள்ளது, பட்டையான பின் அதன் வளர்நுனி எவ்வளவு காலம் தடையின்றி வளர்கிறது. இளம்பருவத்தில் செடிக்கு இடநெருக்கடியோ நீர்ப்பஞ்சமோ ஏற்பட்டால், அது இனி வளர வழியில்லை என்பதுபோல் அவசரமாகப் பூத்துவிடும். சில இலைகளே உள்ள குட்டைச் செடியில் கட்டைவிரல் கொண்டை தோன்றுவதன் காரணம் இதுதான். அதன்பின் எவ்வளவு உரமிட்டாலும் பயனில்லை. கீழ்க்காணும் முறைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவையே.

விதைப்பு: விதைகள் கருமையாகவும் பளபளப்பாகவும் மிகச் சிறியனவாகவும் இருக்கும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. ஆகவே மெல்லிய மணலுடன் கலந்து தூவுவது நல்லது. மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் மணல் மூடினால் போதும். பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்கவும். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். நெருக்கமாக முளைத்தவற்றைத் தயங்காமல் களைந்துவிட வேண்டும். நெருக்கமும் மிகுந்த ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் நோய் வரும்.

நடவு: நான்கைந்து இலைகள் வந்ததும், ஏறத்தாழ மூன்று வாரத்தில், வேர் கலையாமல் மண்ணோடு எடுத்து மாலை வேளையில் நட வேண்டும். நாற்றைச் சிறு கோப்பையிலேயே விட்டுவைத்தால் வேர் சுற்றிச் சுருண்டு, செடி அங்கேயே பூக்கத் தயாராகிவிடும். நாற்றுப் பண்ணையில் ஏற்கெனவே பூத்துள்ள சிறு செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதும் இதனால் சரியன்று. பூ இல்லாத, இலை செழித்த இளநாற்றே நல்லது.

இடம்: தரையில் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விடவும். தொட்டியானால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள தொட்டிக்கு ஒரு செடி. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த மண் ஏற்றது. நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு சாயும்.

நீர்: மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றவும். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது வளர்ச்சியைத் தடைப்படுத்தும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்கிய நீரில் வேர் அழுகும். கொண்டை விரிந்த பின் அதன்மேல் நீர் ஊற்றக் கூடாது. மடிப்புகளில் நீர் தங்கிப் பூ அழுகிவிடும்.

கிள்ளுதல்: சாமந்திக்குக் கொழுந்து கிள்ளுவதுபோல் இதற்கும் கிள்ளுபவர்கள் உண்டு. இறகுபோன்ற பூ விடும் செலோசியா வகைக்கு அது பொருந்தும். பல கிளைகளில் பல பூக்கள் கிடைக்கும். கோழிக்கொண்டையிலோ, கிள்ளி எறியும் அந்த நுனியே பின்னால் பெருங்கொண்டையாக வேண்டிய நுனி. எனவே அதனை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் நீக்கவும். கனத்த கொண்டையால் செடி சாயாதிருக்க ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடலாம்.

பகலின் நீளமும் விதைக்கும் காலமும்

கோழிக்கொண்டை, பகல் குறுகினால் விரைந்து பூக்கும் இயல்புடையது. நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நமக்குப் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். எனினும் செடிகள் இத்தகைய சிறு வேறுபாட்டையும் உணரவல்லவை.

ஆடியில் விதைத்தால், பகல் நீண்டிருக்கும் நாட்களில் செடி இலையும் தண்டுமாகச் செழித்து, பகல் குறையும் புரட்டாசி, ஐப்பசியில் கொண்டை விரிக்கும். விதைத்ததிலிருந்து பூக்க இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம். மாறாக, கார்த்திகை, மார்கழியில் விதைத்தால் குளிரும் குறுகிய பகலும் சேர்ந்து, செடி வளருமுன்னே பூக்கத் தூண்டப்படும். வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் ஊர்களில், பூத்த தொட்டிகளைக் கூரை ஓரமாக நகர்த்திவைப்பது நல்லது. அல்லது மாசியில் விதைத்துக் கோடையில் பூக்க விடலாம். இரவு முழுவதும் தெருவிளக்கு வெளிச்சம் படும் இடத்தில் உள்ள செடி, இருட்டில் உள்ளதைவிடத் தாமதமாகப் பூக்கலாம். செடியைப் பொறுத்தவரை அதற்குப் பகல் இன்னும் முடியவில்லை.

வாடாத நிறம்

செம்பருத்தி, சங்குப்பூ போன்ற பெரும்பாலான பூக்களின் சிவப்பும் நீலமும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருபவை. கோழிக்கொண்டையில் உள்ளவை பீட்டாலெயின் என்னும் வேறு இன நிறமிகள். பீட்ரூட், காகிதப்பூ, வாடாமல்லி, சிவப்புத் தண்டுக்கீரை ஆகியவற்றின் நிறமும் இவ்வினமே. இவ்விரு இனங்களும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது வியப்புக்குரியது. பீட்டாலெயின்களுள் ஒரு வகை, 540 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்குகிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் செந்நீலமாகத் தெரிகிறது. மற்றொரு வகை 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை விழுங்கி, மஞ்சளாகத் தோன்றுகிறது. மஞ்சள் கொண்டைக்கும் சிவப்புக் கொண்டைக்கும் இடையிலான வேறுபாடு இதுதான்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இதனைச் சோதிக்கலாம். ஒன்றில் செம்பருத்தி இதழையும், மற்றொன்றில் சிவப்புக் கோழிக்கொண்டையையும் கசக்கி நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டிலும் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுங்கள். வேறு மாதிரிகளில் சமையல் சோடா சேருங்கள். செம்பருத்தி நீர் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டும். கோழிக்கொண்டை நீர் அவ்வளவாக மாறாது. ஆனால் அதனைக் கொதிக்கவிட்டால் நிறம் வெளிறத் தொடங்கும். பீட்டாலெயினுக்கு வெப்பம் ஆகாது.

கோழிக்கொண்டையின் சிறு இதழ்கள் காகிதம்போல் உலர்ந்தவை. இழக்க அவற்றில் நீர் அதிகம் இல்லாததால் அவை வாடிச் சுருங்குவதில்லை. ஈரம் குறைவான இடத்தில் பீட்டாலெயினும் நெடுநாள் கெடாது. நன்கு விரிந்த கொண்டையைக் காம்புடன் வெட்டி, காற்றோட்டமுள்ள இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால், சில வாரங்களில் காய்ந்து, பல மாதம் நிறத்துடன் இருக்கும். வெயிலில் காயவைத்தால் ஒளியும் வெப்பமும் நிறத்தைச் சிதைத்துவிடும்.

விதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஆண்டு அழகாக இருந்தது, மூன்றாம் ஆண்டில் கொண்டை சிறுத்துவிட்டது என்று கூறுவோர் பலர். முந்திப் பூத்து முந்திக் காய்ந்த சிறு கொண்டைகளிலிருந்தும், தானே விழுந்து முளைத்த நாற்றுகளிலிருந்தும் பயிரைத் தொடர்வது இதற்கு ஒரு காரணம். இறகுவகைச் செலோசியாவை அருகில் வளர்த்தால் கலப்பும் நேரலாம். தோட்டத்தில் மிக அகன்ற, மிக நெளிந்த கொண்டை உள்ள செடிக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அது முற்றியதும், கொண்டையின் கீழ்ப்பகுதியை ஒரு தாளின்மேல் உதிர்த்தால் விதை கொட்டும். விதைக்கூடு மூடி போலத் திறப்பதால் எளிதில் உதிரும். அதனை உலர்த்தி, பெயரும் நாளும் எழுதிய உறையில் சேமியுங்கள். மெண்டலின் தோட்டத்திலும் இவ்வாறு பிரித்து எண்ணும் பொறுமையே அறிவியலாயிற்று.

மாணவர்கள் வரும் ஆடியில் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரே கொண்டையின் விதையிலிருந்து பத்து நாற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை மூன்றாம் வாரத்தில் பெரிய தொட்டிகளில் நடுங்கள். மற்ற ஐந்தைச் சிறு கோப்பைகளிலேயே ஆறு வாரம் வைத்திருந்து, பிறகு அதே அளவுள்ள தொட்டிகளில் நடுங்கள். மண், வெயில், நீர், உரம் ஆகியவை பத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். முதல் பூ தெரிந்த நாள், அப்போது செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, முழுதும் விரிந்த பின் நூலால் அளந்த விளிம்பு நீளம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரி காணுங்கள். ஒரே விதை ஏன் இருவேறு கொண்டை தருகிறது என்னும் கேள்விக்கு உரிய விடை, ஐப்பசிக்குள் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.